குரலைச் சுமந்தவர்கள்

சித்திரை மாதத்து இரவொன்றில், ஜவளகிரியை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குப் பாரதக் கூத்துக் காணச் சென்றிருந்தோம். கருநாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் பகுதி அது. தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து பேசிக்கொண்டிருந்த கூட்டம், துரியோதன வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடத் தொடங்கியதும் ஒரே மொழியில் அமைதியாயிற்று. அந்த அமைதியை வியந்து நின்ற நம் பார்வை, களரியின் ஓரத்தில் பந்தற்காலில் சாய்ந்து அமர்ந்திருந்த ஓர் இளைஞர் மேல் விழுந்தது. அவர் கூத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் ஒரு பெட்டியின் திருகுகள்மேல் இருந்தன. மத்தளம் ஓங்கியபோது ஒரு திருகு சிறிதே பின்வாங்கியது. முகவீணை தேய்ந்தபோது மற்றொன்று சிறிதே முன்னேறியது. அந்த அசைவுகளைக் கூட்டத்தில் எவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் கூத்தில் ஒன்றியிருந்தார்கள்.

ஊரார் அவரை மைக்செட்காரர் என்கிறார்கள். நகரத்து அரங்குகளில் ஒலியமைப்பாளர் என்று பெயர். ஆடியவரைப் பற்றியும் பாடியவரைப் பற்றியும் நம்மிடம் நூல்கள் உண்டு. ஆடியதும் பாடியதும் கடைசி வரிசை வரை சென்று சேரப் பாடுபட்டவரைப் பற்றி நாம் அதிகம் எழுதி வைக்கவில்லை. அந்தப் பணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது மின்சாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது.

ஒலிபெருக்கிக்கு முன்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிப்போர் மாதவியின் ஆடலைக் காணும் ஆவலில் சில அடிகளை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் அந்த அடிகளில்தான் ஓர் அரங்கு எவ்வாறு இயங்கியது என்னும் செய்தி அடங்கியுள்ளது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லப்படுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்க வேண்டும் என்றும் கூறப்படுகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருடைய தகுதியும் பேசப்படுகிறது. அவர்களுள் தண்ணுமை முழக்குவோனின் இலக்கணம் நம் கருத்துக்கு மிக நெருங்கியது. தாளம் தவறாமை மட்டும் அவனுக்குப் போதாது. பிற கருவிகளின் ஓசை குறையும் இடத்தில் அதை நிரப்ப வேண்டும். மிகும் இடத்தில் அடக்க வேண்டும். தன் முழக்கம் எதையும் மூடிவிடாமல் காக்க வேண்டும். நிரப்புதலும் அடக்குதலும் என்னும் இவ்விரு செயல்களைத்தான் அந்தச் சித்திரை இரவில் இளைஞரின் விரல்கள் செய்துகொண்டிருந்தன.

கூத்திலும் இதற்கு வழிகள் இருந்தன. வேடக்காரர் ஓர் அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அழகுக்கு என்று நாம் எண்ணுவதுண்டு. ஒருவர் குரல் எட்டாத தொலைவைப் பலர் குரல் எட்டும் என்பதும், முதன்முறை தவறவிட்டவனுக்கு இரண்டாம் முறை காதில் விழும் என்பதும் அதன் பயன்களே. முகவீணையின் கூரிய ஓசைக்கும் ஒரு காரணம் சொல்லலாம். ஒரு நொடிக்கு 2,000 முதல் 5,000 வரையான அதிர்வுகளைக் கொண்ட ஒலியை மனிதச் செவி மிக எளிதில் வாங்கிக்கொள்ளும் என்று அறிவியல் சொல்கிறது. திறந்த வெளியில் பரந்த கூட்டத்தை எட்ட வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை உதவியது. நம் முன்னோர் இதை எண்களால் அறியவில்லை, காதால் அறிந்திருந்தார்கள்.

சங்கரதாசு சுவாமிகளின் (1867–1922) காலத்து நாடக மேடையில் குரலே மூலதனம். சிறுவர் நாடகக் குழுக்களில், மகரக்கட்டு உடைந்த அன்றே ஒரு பையனின் கதாநாயகப் பொறுப்பு பறிபோய்விடக்கூடும். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா உச்சச் சுருதியில் பாடிப் பெரும் புகழ் பெற்றார். 1933-இல், இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அவரோடு அதே மேடையில் அதே உயரத்தில் பாடி நின்றவர். இவர்களைப் போன்ற கொடை உடையோர்க்கு அந்த மேடை அரியணை. மெல்லிய குரல் உடையோர்க்கோ அதில் இடமே இல்லை. அறிவும் பாவமும் நிறைந்திருந்தும் நெஞ்சில் வலுவில்லாத காரணத்தால் ஒதுக்கப்பட்டவர் எத்தனை பேரோ! அவர்களுடைய பெயர்கள் நமக்கு எட்டவில்லை. அவர்களுடைய குரலே எட்டாதபோது பெயர் எப்படி எட்டும்?

நமக்கு அண்டையிலுள்ள மைசூர்ச் சீமையில் திருமகூடலு சௌடய்யா (1895–1967) என்னும் வயலின் மேதை இருந்தார். பெருங்குரல் உடைய பாடகர்களுக்குப் பக்கம் வாசிக்கும்போது தம் வயலின் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்னும் குறை அவரை வருத்தியது. நான்கு தந்திகளில் மூன்றை இரட்டித்து, ஏழு தந்தி வயலினைப் படைத்துக்கொண்டார். கேட்கவில்லை என்ற ஒரு குறையால் ஒரு கருவியின் உடலே மாறிற்று. அவர் நினைவாக வயலின் வடிவிலேயே பெங்களூரில் கட்டப்பட்ட அரங்கம் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் கூரையின்கீழ் இன்று ஒலியமைப்பாளர்கள் பணியாற்றுகிறார்கள். கேட்க வேண்டும் என்னும் ஏக்கத்திற்கு எழுந்த நினைவுமண்டபம் என்றே அதை நாம் கருதுகிறோம்.

பெருங்குரல் பிறந்த கதை

கடலுக்கு அப்பால், டென்மார்க்கிலிருந்து குடியேறிய பீட்டர் ஜென்சன் என்பவரும் எட்வின் பிரிதம் என்பவரும் கலிபோர்னியாவில் நாப்பா என்னும் சிற்றூரில் ஆய்வு செய்துகொண்டிருந்தனர். காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருளை அசையவிட்டு ஓசையைப் பெரிதாக்கும் வழியைக் கண்டனர். தம் கருவிக்கு மாக்னவாக்ஸ் என்று பெயரிட்டனர். இலத்தீனில் பெருங்குரல் என்பது அதன் பொருள். 1915-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய மாலையில் சான்பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின்முன் கூடிய பெருங்கூட்டத்துக்கு அந்தக் கருவி பேச்சையும் இசையையும் கொண்டு சேர்த்தது. 1919 செப்டம்பரில் சாண்டியேகோ திடலில் ஏறத்தாழ 50,000 பேர் முன்னிலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் ஒலிபெருக்கி வழியே பேசினார். மனித குலத்தின் வரலாற்றில் அதுவரை தலைவன் ஒருவனின் குரல் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவே அவன் நேரடிக் கூட்டத்தின் எல்லை. அந்த எல்லை உடைந்தது.

1932 ஜூனில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடந்த உலக நற்கருணை மாநாட்டில், தெருக்கள்தோறும் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. பூங்காவில் நடந்த திருப்பலியை நகரமே கேட்டது. பலிபீடத்துக்கு அருகில் நின்றவனும் பாலத்தின்மேல் நின்றவனும் ஒரே நொடியில் ஒரே குரலைக் கேட்பதாக உணர்ந்த அனுபவம் அக்கால மக்களுக்குப் புதுமை.

இந்தியாவில் இந்தக் கலையைப் பரப்பியதில் பம்பாயைச் சேர்ந்த மோட்வானே குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நிறுவனத்தின் பெயர் சிகாகோ ரேடியோ. வேரோ இந்திய மண்ணில். காந்தியடிகள் பேசும் பழைய நிழற்படங்களில், அவர் முகத்துக்கு முன்னே நிற்கும் ஒலிவாங்கியில் அந்தப் பெயரைக் காணலாம். காந்தியடிகளின் குரல் மெல்லியது. கிட்டப்பாவின் மேடையில் அந்தக் குரல் நின்றிருக்காது. இலட்சக்கணக்கானோர் கூடிய திடல்களில் அது நின்றது. ஒலிபெருக்கி உரத்தவனுக்கு மட்டும் துணை என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்; உரத்துப் பேச இயலாதவனுக்கே அது பெருந்துணையாக வந்தது.

1930-களில் சென்னைச் சபாக்களிலும் ஒலிவாங்கி இடம்பெறலாயிற்று. அதன்பின் பாடுவோர் மெல்ல மெல்லச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டனர். நெஞ்சைப் பிளந்து பாட வேண்டிய தேவை குறைந்தது. நுண்ணிய கமகமும், மூச்சளவே ஆன இழைவும் பின்வரிசைக்கு எட்டின. மிகத் தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பாடிய எம்.டி. இராமநாதன் (1923–1984) போன்ற ஒருவர், கருவி இல்லாத காலத்தில் பெருமன்றம் ஒன்றில் அப்படிப் பாடியிருக்க முடியுமா என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் பெற்றதற்கு விலையும் உண்டு. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒருவரையொருவர் நேரடியாகக் கேட்டு இசைந்த பழக்கம் தளர்ந்தது. தமக்கு முன்னே வைத்த பெட்டியில் தம் குரலைக் கூட்டு என்று ஒவ்வொருவரும் சைகை காட்டலாயினர். நிரப்புதலும் அடக்குதலும் மேடையைவிட்டு இறங்கி, கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மூன்றாம் மனிதரின் கைக்குப் போயின.

நம் மலைப்பக்கத்தில்

நம் பகுதிக்கு ஒலிபெருக்கி, இசைத்தட்டுப் பெட்டியும் கூம்புக் குழாயுமாக வந்தது. மின்கம்பம் எட்டாத ஊர்களில் மின்கலத்தின் துணையோடு பாடியது. புளியமரத்தின் உச்சிக் கிளையிலோ, நட்ட மூங்கிலின் நுனியிலோ குழாயைக் கட்டிவிட்டால், திருமணமோ திருவிழாவோ தொடங்கிவிட்டது என்று பக்கத்து ஊர் அறிந்துகொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆங்கிலத்தில் எண்ணி அவர் ஒலிவாங்கியைச் சோதிப்பதே நம் சிறு பருவத்தில் விழாவின் முதல் நிகழ்ச்சி. அந்த எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு அவர் பின்னால் ஓடாத பிள்ளைகள் குறைவு.

1980-களில் ஓசூரில் வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றைத் தொடர்ந்து கடிகாரத் தொழிற்சாலையும் எழுந்தன. மாதச் சம்பளம் பெறும் இளைஞர் பெருகினர். இன்னிசைக் குழுக்களும் ஆண்டு விழாக்களும் பெருகின. இரு மாநிலத்துப் பாடல்களையும் மூன்று மொழிகளில் கேட்கும் கூட்டம் உருவாயிற்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றவர்களுள் சிலர், ஆலையில் இடம் கிடைக்காமலோ ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட விரும்பாமலோ இந்தத் தொழிலுக்கு வந்தனர். சிலர் பெங்களூர்வரை சென்றனர். தாகூர் நூற்றாண்டின் நினைவாக எழுந்த இரவீந்திர கலாக்ஷேத்ரா, சௌடய்யா மண்டபம், 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா என நாடகமும் இசையும் நாள்தோறும் நடக்கும் அரங்குகள் அந்நகரில் உண்டு. மலைக்கிராமத்தில் மூங்கில் நட்டுக் கற்றது ஒரு கல்வி. நாடக அரங்கின் இருட்டறையில் அமர்ந்து கற்பது மற்றொரு கல்வி. முதலாவது, தொலைவுக்குக் கொண்டுசெல்லக் கற்பிக்கிறது. இரண்டாவது, எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்பிக்கிறது.

காதால் செய்யும் தொழில்

இந்தத் தொழிலை வெளியிலிருந்து காண்போர், திருகைக் கூட்டுவதும் குறைப்பதுமே வேலை என்று எண்ணுவர். உண்மையில் அது சுவரோடும் காற்றோடும் மனித உடல்களோடும் நடத்தும் பேச்சுவார்த்தை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு புதிய சொற்பொழிவுக் கூடத்தில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சபீன் என்ற இளம் இயற்பியலாசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் மெத்தைகளைச் சுமந்து வந்து, இரவு நேரங்களில் ஒவ்வொன்றாகப் பரப்பி, ஓசை அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். வெறுங்கூடத்தில் ஒரு சொல்லின் ஓசை அடங்க ஐந்து நொடிக்குமேல் ஆயிற்று. அதற்குள் பேசுவோர் பத்துச் சொல்லுக்குமேல் பேசிவிடுவார். மெத்தையும் துணியும் மனித உடலும் ஓசையை உண்ணும் என்பதை அவர் கணக்காக்கிக் காட்டினார். அதன்படி கட்டப்பட்ட பாஸ்டன் இசையரங்கு 1900-இல் திறக்கப்பட்டது.

நம் ஒலியமைப்பாளர் சபீனின் பெயரைக் கேட்டிராவிடினும் அந்தக் கணக்கை அறிவார். பிற்பகல் ஒத்திகையில் வெறும் மண்டபத்தில் அமைத்த அளவு, இரவில் ஆயிரம் பேர் வந்தமர்ந்ததும் பொருந்தாது. கூட்டம் நிறைய நிறைய அவர் மீண்டும் கேட்டு மீண்டும் திருத்துகிறார். ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கிக்குள் திரும்பப் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, ஊளையாக வெடிப்பதை நாமெல்லாம் அறிவோம். டென்மார்க்கு அறிஞர் சோரன் லார்சன் அதை ஆராய்ந்ததால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அது வெடிப்பதற்கு முந்தைய கணத்தில் ஓசையில் ஒரு சிறு நடுக்கம் தோன்றும். கூட்டத்தின் காதுக்கு அது எட்டாது. அவர் காதுக்கு எட்டும். எட்டியவுடன் கை அசைந்துவிடும். நடவாமற் போன அந்த விபத்தை எவரும் அறியார்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஓசை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 68 மீட்டர் தொலைவில் இன்னொரு பெட்டியை வைத்தால், கம்பி வழியே ஓடிவந்த குரல் அங்கே உடனே ஒலிக்கும்; காற்று வழியே வரும் குரலோ ஒரு நொடியின் ஐந்திலொரு பங்கு பிந்தி வரும். கேட்போர்க்குச் சொல்லெல்லாம் இரட்டையாகும். ஆகவே பின்பெட்டியின் குரலைக் கணக்கிட்டுத் தாமதப்படுத்த வேண்டும். எந்த ஓசை முதலில் வந்ததோ அந்தத் திசையிலிருந்தே எல்லா ஓசையும் வருவதாகச் செவி நம்பும் என்பதை ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் விளக்கினார். எனவே தாமதத்தைச் சிறிதே கூட்டிவிட்டால், அருகிலுள்ள பெட்டியை மறந்து, மேடையிலுள்ள மனிதரே பேசுவதாக நாம் உணர்வோம். ஒலியமைப்பாளரின் முதிர்ந்த திறமை தன் கருவியை மறக்கச் செய்வதே.

ஆலயத்துக்குள்ளும் இந்த வரலாறு நுழைந்தது. பழைய பெருங்கோவில்களின் உயர்ந்த கூரை, நீட்டிப் பாடும் இலத்தீன் இசைக்கு இடம் தந்தது, பேச்சைச் சிதைத்தது. மறையுரை மேடைக்குமேல் மரக்குடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தது ஓசையை மக்கள் பக்கம் திருப்பவே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டுக்குப்பின், இறைவார்த்தை தாய்மொழியில் ஒலித்தது. சொல் விளங்க வேண்டும் என்ற நிலை வந்ததும் ஒலிவாங்கி பீடத்துக்கு வந்தது. ஆனால் கூரை பழைய கூரையே. விளங்காதபோதெல்லாம் ஓசையைக் கூட்டுவதே மருந்து என்று நம்மவர் பலர் எண்ணினர். எதிரொலிக்கும் கட்டடத்தில் ஓசையைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். பேசுவோர் நிறுத்திப் பேசுவதும், பெட்டிகளை மக்களுக்கு அருகே தாழ வைப்பதுமே உண்மையான மருந்து.

கேளாதிருக்கும் உரிமை

குரலற்றவர்க்குக் குரல் தந்த கருவி, காலப்போக்கில் கேட்க விரும்பாதவர்மேலும் குரலைத் திணித்தது. சென்னையில் ஒரு கிறிஸ்தவச் சபையின் வழிபாட்டு ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுத்தன. ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு இசைவு தரலாம் என்று 2002-இல் திருத்தம் வந்தது. குடியிருப்புப் பகுதியில் ஓசை பகலில் 55, இரவில் 45 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது.

நோயாளியும் கைக்குழந்தையும் தேர்வெழுதும் மாணவரும் இந்தச் சட்டத்தை வாழ்த்துவர், நாமும் வாழ்த்துகிறோம். ஆயினும் விடியவிடிய நடப்பதே கூத்தின் இலக்கணம். பதினெட்டு நாள் பாரத விழாவின் நள்ளிரவுக்குப் பிந்தைய பாதி என்ன ஆகும் என்ற கேள்வி இந்தக் கலையை நம்பி வாழ்வோர்க்கு வெறுங்கேள்வி அன்று.

ஜவளகிரியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பன்னர்கட்டாக் காட்டிலிருந்து வலசை வரும் யானைகள் ஆண்டுதோறும் மழைக்காலத்தின் இறுதியில் ஜவளகிரிக் காட்டின் வழியே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்குகின்றன. கேழ்வரகு முற்றும் காலமும் அதுவே. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஓசையால் தொலைவிலிருந்தே பேசிக்கொள்கின்றன என்பதைக் கேத்தரின் பெய்ன் 1984-இல் கண்டறிந்தார். அதற்கும் முன்பே, 1972-இல், கேட்டும் கேளாததுமான தொண்டை அதிர்வு ஒன்றை யானைகளிடம் குறித்து வைத்தவர் நம் மா. கிருஷ்ணன், பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவின் மகன். குளிர்ந்த இரவில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று வெம்மையாயும் இருக்கும்போது, மேலே செல்ல வேண்டிய ஓசை வளைந்து நிலத்துக்கே திரும்பும்; பகலைவிட நெடுந்தொலைவு செல்லும். ஆகவே நம் பெட்டிகளின் அடித்தொனி எந்தக் காதுகளை எட்டுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இந்தக் காட்டில் பேச உரிமை உடையவர்கள் நாம் மட்டுமல்லர்.

செவியே கருவி

ஓசையால் முதலில் காயம்படுவது அதன் அருகிலேயே அமர்ந்திருப்பவர் செவி. நாளொன்றுக்கு 85 டெசிபெல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது மருத்துவர் வகுத்த எல்லை. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி. அரங்குகளில் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் நெறி வகுத்தது. இன்னிசை மேடையின் பக்கத்தில் இரவெல்லாம் நிற்பவர்க்கு இந்தக் கணக்குகள் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. தச்சன் உளியைத் தீட்டி வைக்கலாம், புதிது வாங்கலாம். இவருடைய கருவியோ உட்செவியின் நுண்மயிர்கள். அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அன்றிரவு இடைவேளையில் அந்த இளைஞரிடம் சென்று பேசினோம். தேநீரை நம்மிடம் நீட்டிவிட்டுச் சிரித்தார். “நல்லா கேட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க சார். ஊளை வந்தாத்தான் ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும்” என்றார். செவி நலமா என்று கேட்டோம். வலக்காதைத் தொட்டுக் காட்டினார். “இதுல எப்பவும் ஒரு சத்தம் இருக்குது சார். ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம் அது மட்டும் அடங்காது.” வயது முப்பதைத் தாண்டியிராது. மருத்துவரைக் கண்டீரா என்று கேட்க வாயெடுத்தோம். அதற்குள் ஆர்மோனியக்காரர் அவரை அழைத்துவிட்டார்.

நள்ளிரவு 12 மணி நெருங்கியது. இளைஞர் எழுந்து சென்று வாத்தியாரின் காதில் ஏதோ சொன்னார். வாத்தியார் தலையசைத்தார். திருகுகள் ஒவ்வொன்றாக, எவரும் திடுக்கிடாதபடி, நூலிழை அளவாகத் தாழ்ந்தன. கடைசித் திருகும் அடங்கியபோது கூத்து நிற்கவில்லை. துரியோதனன் ஒருமுறை இருமினான். பின்னர் சுருதியை உயர்த்தித் தன் சொந்த நெஞ்சிலிருந்து பாடினான். பின்பாட்டுக்காரர்கள் முன்னே நகர்ந்து நின்று அடியை வாங்கினர். பின்னால் இருந்தவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்து, களரியைச் சுற்றி நெருங்கி அமர்ந்தனர். சிறிது நேரத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்திருந்தோம்.

அந்த இளைஞர் ஒலிவாங்கியின் வடத்தை முழங்கையில் சுற்றி முடித்துப் பெட்டிமேல் வைத்தார். பிறகு நமக்குப் பக்கத்தில், ஒரு முதியவரும் அவர் பேரனும் ஒதுங்கித் தந்த இடத்தில், வந்து அமர்ந்தார். இடக்காதை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு, அன்றிரவில் முதன்முறையாகக் கூத்தைப் பார்க்கத் தொடங்கினார்.